கொஞ்சம் கலங்கலா வெச்சுக்க

எங்கம்மா டிவில வந்தாங்க. 2024 ஏப்ரல், ஓட்டுப் போடறதுக்கு ஒரு பத்து நாள் இருக்கும். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுல மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்கு நின்னவங்கள மைக்க வெச்சுட்டு ரெண்டு பசங்க பிடிச்சிருக்காங்க, "அம்மா இந்த தடவ யாருக்கும்மா போடுவீங்க"ன்னு. எங்கம்மாகிட்ட போய் கேள்வி கேக்கலாமா? பச்சத் தேயிலைக்கு வெல இல்ல, சாயங்காலம் ஆனா காட்டெருமை வழில நிக்குது, கடைசி பஸ்ஸ நிறுத்திட்டாங்க, பசங்கெல்லாம் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் எறங்கிப் போயிட்டாங்க, தோட்டத்துல கெழவிங்கதான் மிச்சம்னு நாலு நிமிஷம் நிறுத்தாம பேசியிருக்காங்க. பஸ்ஸையும் விட்டுட்டாங்க.

அன்னிக்கு ராத்திரி வீட்டுல எல்லாரும் உக்காந்து பாத்தோம், பக்கத்து வீட்டுக்காரங்களும் வந்துட்டாங்க. அம்மா வந்தாங்க, ஆறு செகண்டு. "மாசம் ஆயிரம் ரூபா வருது, இல்லைன்னு சொல்லல." அவ்வளவுதான். கீழ பட்டைல "மலையில் மகளிர் ஆதரவு யாருக்கு?"ன்னு ஓடுது. அம்மா அதுக்கு அடுத்து சொன்னது "ஆனா"ன்னு ஆரம்பிச்சிருக்கு. அந்த ஆனாவ வெட்டிட்டாங்க. சேனல் பேரு வேண்டாம், ஏன்னா யோசிச்சுப் பாத்தா அந்த நாலு நிமிஷத்துல இருந்து எந்தக் கட்சிக்கு வேணும்னாலும் ஒரு ஆறு செகண்டு நறுக்கி எடுத்துக்கலாம், வேற சேனல் பசங்க வந்திருந்தா "எவன் வந்து என்ன செஞ்சான்"ங்கறத மட்டும் வெச்சுட்டு ஆயிரம் ரூபாய வெட்டியிருப்பாங்க. அம்மா சொன்னது எதுவும் பொய் இல்ல, அவங்க போட்டதும் பொய் இல்ல.

எனக்குக் கோவம் வந்துச்சு. அம்மாவுக்கு வரல. "ஈரத்துக்குக் கழிச்சுட்டான்டா"ன்னு சொல்லிட்டு சோறு போட எந்திரிச்சுட்டாங்க.

கீழ இருக்கறவங்களுக்கு இது புரியாது, சொல்றேன். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. சாயங்காலம் ரோட்டோரம் இலை வண்டி வரும், ஏஜென்ட் சாக்க தராசுல மாட்டுவாரு, முள்ளு ஆட்டம் நிக்கறதுக்குள்ளயே ஒரு நம்பர் சொல்வாரு, அதுல சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவுன்னு கழிச்சுட்டு சீட்டு எழுதுவாரு. மழைக்காலம்னா கழிவு இன்னும் ஏறும். அம்மா என்ன பண்ணுவாங்கன்னா வீட்டுலயே ஒரு ஸ்பிரிங் தராசுல சாக்க ஒருக்க தொங்க விட்டுப் பாத்துட்டுதான் தலைல தூக்குவாங்க, நோட்டுல ரெண்டு நம்பர் எழுதுவாங்க, நம்ம எடை, அவங்க எடை. வருஷக்கணக்கா எழுதி எழுதி எந்த ஏஜென்ட் எவ்வளவு கழிப்பாருன்னு அவங்களுக்கு அத்துபடி. சண்டைக்குப் போக மாட்டாங்க, போனா அடுத்த நாள் இலை எடுக்க மாட்டாங்கல்ல. "எவ்வளவு கழிக்கறான்னு தெரிஞ்சா போதும், மீதிய நான் கூட்டிக்குவேன்"னுவாங்க.

தமிழ்நாட்டுல பாதி ஜனம் டிவி நியூஸ் பாக்கறது இப்படித்தான்னு நெனைக்கிறேன். சன் நியூஸ்ல இத சொன்னா இவ்வளவு கழி, ஜெயால அத சொன்னா இவ்வளவு கழி, கழிச்சது போக ரெண்டுலயும் மிச்சம் நிக்கறது எதுவோ அது நடந்திருக்கும். எங்கப்பா இருந்தவரைக்கும் மூணாவதா ஒரு தராசும் இருந்துச்சு, ராத்திரி பிபிசி தமிழோசை. சிலோன்ல பொறந்து வளந்து அங்க இருந்து திருப்பி அனுப்பப்பட்டு வந்தவரு, எந்த அரசாங்கம் சொல்றதையும் ஒரே ரேடியோல கேட்டு நம்பக்கூடாதுன்னு அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டிய அவசியம் இல்ல.

சரி நான் எழுத வந்தது இது இல்ல. ரொம்ப நாளா சொல்லணும்னு நெனச்ச ஒண்ணு இருக்கு, அம்மாவோட ஆறு செகண்டு அத மறுபடி கிளறி விட்டுடுச்சு.

எங்க மாமா, அம்மாவோட தம்பி, எங்க ஊர்ல கேபிள் வெச்சிருந்தாரு. டெய்லர் கடைக்கு மேல ஒரு ரூம், அதுதான் கண்ட்ரோல் ரூம். மொட்டை மாடில மூணு டிஷ்ஷு. உள்ள ரிசீவர், மாடுலேட்டர் (சேனலுக்கு ஒண்ணு, அதுதான் படத்த வயர்ல ஏத்தும்), ரெண்டு சின்ன டிவி, சூட்டுக்கு ஒரு டேபிள் ஃபேனு (வெளிய பனி கொட்டும், உள்ள ஃபேன் ஓடும்). அங்க இருந்து வயர் தேயிலைக்கு மேல சில்வர் ஓக் மரத்துக்கு மரம் தாவி, பள்ளத்துல இருக்கற எஸ்டேட் லைன் வீடு வரைக்கும் போகும். கொரங்கு கடிக்கும், காத்துக்கு மரம் சாயும், காட்டெருமை கொம்புல மாட்டி இழுத்துட்டுப் போயிரும். பள்ளிக்கூடம் விட்டதும் எனக்கு அங்கதான் வேலை, மாசக் கடைசில வசூலுக்கும் போவேன்.

2001 ஜூன் 30, சனிக்கிழமை. விடிகாலைல கலைஞர கைது பண்ணாங்க. அன்னிக்கு முழுக்க நான் அந்த ரூம்லதான் இருந்தேன். ஒரு டிவில சன், இன்னொண்ணுல ஜெயா. சன்ல எழுபத்தேழு வயசு மனுஷன போலீஸ்காரங்க இழுக்கறாங்க, அவரு அலற்றாரு, திரும்பத் திரும்ப, திரும்பத் திரும்ப. ஜெயால வேற டேப்பு, அதுல போலீசத்தான் தள்ளறாங்க, போலீஸ்தான் அடி வாங்குதுன்னு. அதே வீடு, அதே ராத்திரி. ரெண்டு டிவிக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி. மாமா டீ குடிச்சுட்டே "ரெண்டும் நெசம்தான் மாப்ள, எந்த நெசத்த மொதல்ல பாத்தியோ அதுதான் உனக்கு நெசம்"னாரு. அப்ப எனக்கு அது விளங்கல, படம் பாக்கற மாதிரி வாயத் தொறந்து பாத்துட்டு இருந்தேன்.

எந்த சேனல மொதல்ல பாப்பாங்கங்கறது சேனல்காரன் கையில இல்ல, மாமா கையில இருந்துச்சு. அப்ப பாதி வீட்டுல கட்டை திருகற பழைய டிவி, டயனோரா, சாலிடேர் மாதிரி, 12 சேனலுக்கு மேல எடுக்காது. அந்த 12ல எதப் போடறதுங்கறதுதான் அரசியலே. அப்ப கேபிள் சட்டத்துலயே தூர்தர்ஷன் சேனல் ரெண்டாவது நல்ல பேண்டுல, அதாவது பழைய டிவியும் எடுக்கற முன் வரிசைல, கட்டாயம் இருக்கணும்னு எழுதி வெச்சிருந்துச்சு, அதாவது அரசாங்கமே தனக்கு ஜன்னல் சீட்டு துண்டு போட்டு வெச்சுக்குச்சு. மிச்ச சீட்டுக்குத்தான் அடிதடி. பின்னாடி பேண்டுக்குப் போன சேனல் புது டிவி இருக்கற வீட்டுல மட்டும் தெரியும், அதாவது கொஞ்சம் காசு இருக்கற வீட்டுல. ஒரு கட்சியோட சேனல பின்னாடி தள்ளிட்டா லைன் வீட்டுக்காரங்களுக்கு அந்தக் கட்சியே இல்லாத மாதிரி ஆயிரும், யாரும் ஒரு வார்த்தை பொய் சொல்ல வேண்டியதில்ல.

இப்ப அந்த விஷயத்துக்கு வரேன். 2006 சட்டசபைத் தேர்தல், மே 8 ஓட்டுப்பதிவு. ஏப்ரல் கடைசில ஒரு சாயங்காலம் ஒரு கட்சிக்காரர் ரூமுக்கு வந்தாரு, தெரிஞ்சவருதான், மாமா கல்யாணத்துக்கு மொய் வெச்சவரு. மிரட்டலாம் இல்ல. ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து, வடை வாங்கி வரச் சொல்லி, தேயிலை வெல, மழை எல்லாம் பேசி முடிச்சுட்டு எந்திரிக்கும்போது சொன்னாரு, "அந்த சேனல கட் பண்ண வேண்டாம்யா, கட் பண்ணா பேச்சாயிரும். கொஞ்சம் கலங்கலா வெச்சுக்க, ஒரு பத்து நாளைக்கு." மாமா ஒண்ணும் பேசல. கம்பம் ஏறணும்னா இவங்க தயவு வேணும், நாளைக்கு வயர அறுத்துப் போட்டா யாரப் போய் கேக்கறது. அவரு போனப்பறம் என்னைப் பாக்காமயே "திருகிரு மாப்ள"ன்னாரு.

மாடுலேட்டர் முன்னாடி சின்னதா ஒரு ஸ்க்ரூ இருக்கும், சிக்னல கூட்டவும் கொறைக்கவும். டெஸ்டர் முனைல கால் சுத்து திருகுனா போதும். கண்ட்ரோல் ரூம் பக்கத்துல இருக்கற வீடுகளுக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியாது. ஆனா வயர் போகப் போக, ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையரா தாண்டத் தாண்ட, கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மூஞ்சியே தெரியாம பொறிப்பொறியா புள்ளி கொட்டும், சத்தம் இரையும். நான்தான் திருகுனேன். அன்னிக்கு அது எனக்கு ஒரு வித்தை மாதிரி இருந்துச்சு, உண்மையச் சொல்லணும்னா கொஞ்சம் பெருமையா கூட இருந்துச்சு, ஒரு ஸ்க்ரூல ஒரு கட்சியவே கலக்கிட்டோம்லன்னு.

மூணாம் நாள் பள்ளத்துல இருந்து ஒரு பெரியவர் ஏறி வந்தாரு. எஸ்டேட்ல ரிட்டயர் ஆனவரு, மூச்சு வாங்குது, கம்பளிய இழுத்துப் போத்திட்டு வாசல்லயே நின்னுட்டு "தம்பி நியூஸ் தெரிய மாட்டேங்குது"ன்னாரு. மழைங்கய்யா, மேல பாக்ஸ்ல தண்ணி எறங்கிருச்சுன்னு சொன்னேன். பச்சப் பொய். அவரு உள்ள ஓடிட்டிருந்த டிவிய எட்டிப் பாத்தாரு, என்னையும் பாத்தாரு. "பக்கத்து சேனல்ல எறங்காத தண்ணி இந்தச் சேனல்ல மட்டும் எப்படி தம்பி எறங்கும்?" கேட்டுட்டு பதிலுக்குக் கூட நிக்கல, மாசக் காச எண்ணி டேபிள் மேல வெச்சுட்டு எறங்கிப் போயிட்டாரு. நானும் திருப்பித் திருகல. ஓட்டு எண்ணி முடிச்சு ரெண்டு நாள் கழிச்சுதான் திருகுனேன்.

எந்தக் கட்சின்னு தயவுசெஞ்சு கமெண்ட்ல கேக்காதீங்க. அடுத்த தேர்தலுக்கு அந்தப் பக்கத்துக்காரர் வந்து அதே ஸ்டூல்ல உக்காந்து அதே வாக்கியத்த சொன்னாரு, வேட்டிக் கரை மட்டும்தான் வேற. வடையும் அதே கடை வடைதான்.

இந்த மாதிரி ரூம் ரூமா நடந்த சின்னத் திருகல்தான் பின்னாடி பெரிய எடத்துல பெரிசா நடந்துச்சு. 2006ல ஜெயிச்ச திமுக இலவச கலர் டிவி குடுத்துச்சு, 14 இஞ்ச், ஒன்றரைக் கோடிக்கும் மேல. லைன் வீட்டுக்கெல்லாம் வந்து எறங்குச்சு, மாமாவுக்கு கனெக்‌ஷன் ஏகத்துக்கு ஏறுச்சு, இனிமே 12 சேனல் தொல்லையும் இல்ல. டிவி குடுத்தவங்க வீட்டுச் சொந்தத்தோட சேனல்தான் அதுல ஓடும்னு எல்லாரும் கிண்டல் பண்ணாங்க, ஆனா பாருங்க 2007 மே மாசம் சன் குடும்பத்தோட தினகரன் பேப்பர்ல அரசியல் வாரிசு யாருன்னு ஒரு சர்வே வந்து, மதுரை ஆபீஸ எரிச்சு மூணு பேர் செத்து, குடும்பமே ரெண்டாச்சு, செப்டம்பர்ல கலைஞர் டிவி பொறந்துச்சு. அதுல இருந்து ரெண்டு பக்கமும் ராசியான 2008 டிசம்பர் வரைக்கும் சன்ல அரசாங்கத்தப் பத்தின கொறையெல்லாம் வந்துச்சு, பவர் கட்டு உட்பட. அம்மாவுக்குத்தான் கணக்கே குழம்பிப் போச்சு, "இத்தன வருஷம் இவங்களுக்கு ஒரு கழிவு வெச்சிருந்தேன், இப்ப எவ்வளவு கழிக்கறதுன்னே தெரியலயே"ன்னு. அந்தப் பக்கமும் அதே கததான், ஜெயலலிதா போனப்பறம் கட்சி ஒடஞ்சு ஜெயா டிவி டி.டி.வி. தினகரன் பக்கம் போயிருச்சு, கட்சிய வெச்சிருந்தவங்க 2018ல நியூஸ் ஜெ ஆரம்பிச்சாங்க. பாமகவுக்கு மக்கள் டிவி, தேமுதிகவுக்கு கேப்டன் டிவி. நம்ம ஊர்ல கட்சி ஆரம்பிச்சா கொடி, சின்னம், சேனல்.

மாமாவோட ரூம 2011ல மூடற மாதிரி ஆச்சு. ஜெயலலிதா வந்ததும் அரசு கேபிள தூசி தட்டி எடுத்து மாசம் 70 ரூபான்னு அறிவிச்சாங்க, 2007ல திமுக ஆட்சியில ஆரம்பிச்ச அதே கம்பெனிதான். ஜனங்களுக்கு சந்தோஷம், 70 ரூபா யாருக்குக் கசக்கும். எங்க மாமாவும் அதுல சேந்துட்டாரு, வேற வழியில்ல. அவரு அன்னிக்கு சொன்னது ஞாபகம் இருக்கு, "ஸ்க்ரூவ இனி நம்மகிட்ட யாரும் கேக்க மாட்டாங்க மாப்ள, அங்கயே திருகிக்குவாங்க." அப்படியே ஆச்சு. 2018ல கோயமுத்தூர்ல நடத்துன ஒரு விவாதத்துக்காக புதிய தலைமுறை மேல கேஸ் போட்டாங்க, அரசு கேபிள் வரிசைல சேனல எங்கயோ பின்னாடி தள்ளிட்டாங்கன்னு பத்திரிகைக்காரங்க கண்டனம் பண்ணாங்க, அப்ப அதிமுக ஆட்சி. 2025ல கரூர் சம்பவத்துக்கப்பறம் அதே சேனல் அரசு கேபிள்ல தெரியலன்னு மறுபடி அதே புகார், அப்ப திமுக ஆட்சி. 2018ல கண்டிச்சவங்க 2025ல விளக்கம் சொன்னாங்க, 2018ல விளக்கம் சொன்னவங்க 2025ல கண்டிச்சாங்க. அரசியல் கட்சிங்க கையில சேனலும் இருக்கக்கூடாது, கேபிளும் இருக்கக்கூடாதுன்னு டிராய் (டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையம்) 2008ல இருந்து சொல்லிட்டே இருக்கு, 2012லயும் சொல்லுச்சு, 2014லயும் சொல்லுச்சு. யாரு கேக்கறது, கேக்க வேண்டியவங்கதான சேனலே வெச்சிருக்காங்க.

சட்டமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். தேர்தல் விளம்பரம் டிவில போடணும்னா மொதல்ல கமிட்டிகிட்ட காட்டி சர்டிஃபிகேட் வாங்கணும், 2004ல சுப்ரீம் கோர்ட் போட்ட ஆர்டர். ஓட்டுப் பதிவு முடியறதுக்கு முன்னாடி 48 மணி நேரம் பிரச்சாரம் காட்டக்கூடாது. எக்ஸிட் போல கடைசி கட்ட ஓட்டு முடியற வரைக்கும் வெளியிடக்கூடாது. எல்லாம் சரி, ஆனா 30 செகண்டு விளம்பரத்துக்குத்தான் சர்டிஃபிகேட், தலைவர் பேசற ரெண்டு மணி நேரக் கூட்டத்த நேரலைன்னு போட்டா அது செய்தி! அதுக்கு ஒரு பேப்பரும் வேண்டாம். எதிர்க்கட்சிக் கூட்டத்துக்கு அதே கேமரா போகும், கூட்டம் ஆரம்பிக்க ஒரு மணி நேரம் முன்னாடியே போய் காலிச் சேர எடுத்துட்டு வரும். எங்க டானிங்டன் ஜங்ஷன்ல இதுக்கு நேர் எதிர் வித்தை ஒண்ணு இருக்கு, ரோடு குறுகலு, ரெண்டு பக்கமும் கடை, வேன் மேல இருந்து கீழ்ப் பார்வையா எடுத்தா முந்நூறு பேரு முப்பதாயிரம் பேரு மாதிரி தெரிவாங்க. வர்ற தலைவருங்கெல்லாம் அங்க நிறுத்திப் பேசறது சும்மா இல்ல.

2019ல இன்னொரு கூத்து, மார்ச் 31ஆம் தேதி டிடிஎச்ல நமோ டிவின்னு ஒண்ணு திடீர்னு முளைச்சுது, பெரும்பாலும் பிரதமர் பேச்சுதான். விளம்பரமா, சேனலான்னு கேட்டா ஒவ்வொருத்தர் ஒண்ணு சொன்னாங்க. பதிவு பண்ணின அரசியல் நிகழ்ச்சிய சர்டிஃபிகேட் இல்லாம போடாதேன்னு தேர்தல் கமிஷன் சொல்லுச்சு. பிரச்சாரம் முடிஞ்சதும் வந்த மாதிரியே காணாம போயிருச்சு. எங்க மாமா காலத்துல லோக்கல் சேனல்ல கோயில் திருவிழா வீடியோ போடறதுக்கே லைசென்ஸ் எங்கன்னு கேட்டு ஆள் வந்தாங்க.

நியாயமா இருக்கணும்னு நெஜமாவே முயற்சி பண்ணின ஒரு ஏற்பாடுன்னா அது தூர்தர்ஷன்தான். சிரிக்காதீங்க. அங்கீகரிக்கப்பட்ட கட்சிங்களுக்கு இலவசமா நேரம் குடுப்பாங்க, சட்டசபைத் தேர்தல்னா அடிப்படையா 45 நிமிஷம், போன தேர்தல்ல வாங்கின ஓட்டுக்குத் தகுந்த மாதிரி மேல கொஞ்சம், யாரு எப்ப பேசறதுன்னு சீட்டுக் குலுக்கிப் போடுவாங்க. 2021ல கொரோனான்னு அத 90 நிமிஷமா ஆக்குனாங்க. ஒரு மேசை, பின்னாடி ஒரு திரை, மனுஷன் பேப்பரப் பாத்து வாசிப்பாரு, வெட்டு ஒட்டு கெடையாது, சின்னக் கட்சியும் பெரிய கட்சியும் ஒரே நாற்காலில உக்காரும். அம்மா பொதிகைல (இப்ப டிடி தமிழ்) அத முழுசா பாப்பாங்க, ஊர்லயே அத முழுசா பாத்த ஒரே ஆள் எங்கம்மாவாத்தான் இருக்கும். ஆனா அதுலயும் கழிவு இருக்கு. என்ன பேசப் போறேன்னு எழுதி முன்கூட்டியே குடுக்கணும். 2024ல மார்க்சிஸ்ட் கட்சி சீதாராம் யெச்சூரி பேச்சுல சில வார்த்தைகள எடுக்கச் சொன்னாங்க, சர்வாதிகாரம், கொடுங்கோல் சட்டம்ங்கற மாதிரி. அரசாங்கத்த விமர்சிக்கறதுக்குக் குடுத்த நேரத்துல அரசாங்கத்துக்கு வலிக்காம விமர்சிக்கணுமாம். அதே வருஷம் ஏப்ரல் 16ஆம் தேதி, எங்களுக்கு ஓட்டு 19ஆம் தேதி, டிடி நியூஸ் லோகோ செவப்புல இருந்து காவிக்கு மாறுச்சு. வெறும் கலர்தான்னு சொன்னாங்க. தேர்தலுக்கு மூணு நாள் முன்னாடி எங்க பஞ்சாயத்து ஆபீஸ்ல பழைய ஆட்சி வெச்ச கல்வெட்டையே துணி போட்டு மூடி வெச்சிருந்தாங்க, கலர் விஷயத்துல அவ்வளவு கறார் எங்க பஞ்சாயத்து.

அமெரிக்காவுல 1949ல இருந்து 1987 வரைக்கும் சர்ச்சையான விஷயம்னா ரெண்டு பக்கத்தையும் சொல்லித்தான் ஆகணும்னு டிவிக்கு ஒரு விதி இருந்துச்சு, அப்புறம் எடுத்துட்டாங்க. இங்க அந்த மாதிரி வேணும்னு சிலர் எழுதறாங்க. எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்ல. நிமிஷத்த அளக்கலாம், ஸ்க்ரூவ எப்படி அளக்கறது? ரெண்டு பக்கமும் பேச வெச்சுட்டு ஒருத்தர் பேசும்போது மட்டும் நெறியாளர் குறுக்க வந்தா அது எத்தன நிமிஷம்? இப்ப எனக்குப் பயமே கட்சி சேனல் இல்ல. கட்சி சேனல் கட்சிக் கரை வேட்டி கட்டிட்டு வர்ற ஆள் மாதிரி, தூரத்துலயே தெரிஞ்சுரும், எவ்வளவு கழிக்கணுமோ கழிச்சுக்கலாம். நடுநிலைன்னு நெத்தில எழுதி ஒட்டிட்டு வர்ற சேனலுக்கு எவ்வளவு கழிக்கறது? நாலு பேர உக்கார வெச்சு விவாதம் நடத்துவாங்க, தலைப்புலயே தீர்ப்ப எழுதிட்டு கடைசில ஒரு கேள்விக்குறி போட்டுருவாங்க. "வாக்குறுதியை மறந்ததா அரசு?" "கரைகிறதா எதிர்க்கட்சி?" அந்தக் கேள்விக்குறிதான் இப்பத்த ஸ்க்ரூ. முதலாளி யாரு, அவருக்கு என்ன தொழில், காலேஜா, கட்சியே வெச்சிருக்காரா, விளம்பரம் எங்க இருந்து வருதுன்னு தேடிப் பாத்தாதான் கழிவு தெரியும், அம்மா எங்க போய்த் தேடுவாங்க.

மலைய அவங்க காட்டற லட்சணத்தையும் சொல்லிடறேன். வருஷம் பூரா உறைபனி, மலர் கண்காட்சி, ரோட்டுல யானை, சுற்றுலாப் பயணிகள் குவிந்தனர். தேர்தல் வந்தா தோடர் மக்கள் பாரம்பரிய உடையில ஓட்டுப் போட்டாங்க. கொடைக்கானல் பக்கம்னா வெள்ளகெவிக்கு குதிரைல ஓட்டு மெஷின் போச்சு. ஒவ்வொரு தேர்தலுக்கும் அதே குதிரை, அந்த ஊருக்கு ஏன் ரோடு வரலன்னு அந்தக் குதிரைகிட்டயாவது மைக்க நீட்டலாம். 2023ல சின்ன விவசாயிங்க பச்சத் தேயிலை வெலைக்காக நாள்கணக்குல உண்ணாவிரதம் உக்காந்தாங்க, எங்கம்மாவும் ரெண்டு நாள் போனாங்க, டிவில நான் பாத்தது ஓடற பட்டைல ஒரு வரி. எந்தக் கட்சி சேனலும் அதுல வேறுபடல. அந்த விஷயத்துல மட்டும் எல்லாரும் நடுநிலை.

மலைக்கு மெயின் நியூஸ்ல எடம் கெடைச்சது 2024 ஏப்ரல் 27ஆம் தேதி ராத்திரிதான். ஊட்டில ஓட்டு மெஷின் வெச்சிருந்த ஸ்ட்ராங் ரூமோட சிசிடிவி காட்சி ஒரு 20 நிமிஷம் போல தெரியாம போயிருச்சு. சூடாகிக் கோளாறுன்னு அதிகாரிங்க விளக்கம் குடுத்தாங்க. நான் இப்ப சிசிடிவி மாட்டற வேலைதான் பாக்கறேன், அந்த ரெண்டு நாளும் கடைக்கு வந்தவங்கெல்லாம் "நெசமாவே சூட்டுக்கு அணையுமா"ன்னு என்னைக் கேட்டாங்க. அணையும்ங்க, அந்த ஏப்ரல்ல ஊட்டியே வெந்துட்டு இருந்துச்சு, மெஷினு பாவம் என்ன பண்ணும், மாமா ரூம்ல பனில கூட ஃபேன் ஓடுச்சேன்னு சொன்னேன். சொல்லும்போதே பாக்ஸ்ல தண்ணி எறங்கிருச்சுன்னு சொன்ன அதே தொனி என் வாயில வந்துச்சு. உண்மையத்தான் சொன்னேன், ஆனா கேட்டவர் அந்தப் பெரியவர் பாத்த மாதிரியே என்னைப் பாத்தாரு.

ஓட்டுப் போட்டு 46 நாள் கழிச்சு ஜூன் 4 எண்ணிக்கை. காலைல இருந்து டிவி ஓடுது. ஒரு சேனல்ல இவங்களுக்கு இத்தன முன்னிலை, மாத்துனா வேற நம்பர், இன்னொண்ணுல அதுவும் இல்ல. ஒருத்தன் தபால் ஓட்டையே வெச்சுட்டு வெற்றி முகம்னு பாட்டு போட்டுட்டான். அம்மா ஒரு பத்து மணி வரைக்கும் ரிமோட்டோட மாத்தி மாத்தி பாத்தாங்க. அப்புறம் எந்திரிச்சு ரெயின்கோட்ட மாட்டிட்டு சாக்க எடுத்துட்டாங்க. "எல்லா சேனல்லயும் ஒரே நம்பர் வந்தப்பறம் கூப்புடு"ன்னு சொல்லிட்டு தோட்டத்துக்கு எறங்கிட்டாங்க.

சாயங்காலம் இலை போட்டுட்டு நனைஞ்சு வந்தாங்க. நோட்ட எடுத்து எழுதறாங்க, நம்ம எடை 31, அவங்க எடை 28. எழுதிட்டே கேட்டாங்க.

"வந்துருச்சாடா?"

"இல்லம்மா, விருதுநகர் இன்னும் இழுத்துட்டு இருக்கு."

"சரி, டீ வெக்கட்டா?"